கழுத்தில் தொங்கிய கம்ப்யூட்டர்

“…அது வெறும் ஐகான்டா மச்சான், சாஃப்ட்வேர் இல்ல,” என்று என் காதோரம் குனிந்து சொன்னான் சேவியர்.

பல வருடத்துக்கு முந்தைய அந்தக் குரல் நேற்று திடீரென்று கேட்டது. மகள் வாங்கியிருக்கும் புது லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், பென் டிரைவ் சொருக இடமே இல்லை. “அதெல்லாம் எதுக்குப்பா?” என்கிறாள். எதற்கு என்று அவளிடம் சொல்ல ஆரம்பித்தால் என் வயிற்றெரிச்சலையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். உங்களிடம் சொல்கிறேன்.

சிதம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் நானும் சேவியரும் வேலை பார்த்தோம். கடலூரிலிருந்து ஒரே பஸ், ஒரே வேலை. ஆனால் அவன் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு பென் டிரைவ் தொங்கும். வேண்டிய சாஃப்ட்வேர் எல்லாம் அதற்குள்ளேயே இருந்தது. கம்ப்யூட்டரில் எதையும் ஏற்ற வேண்டாம். சொருகினால் ஓடும், உருவினால் சுவடே இருக்காது. “விருந்தாளி மாதிரி மச்சான், வந்துட்டுப் பூடும்” என்பான். மெஷினில்தான் சுவடில்லை, ஜனங்கள் வாயில் அவன் பெயர் ஒட்டிக்கொண்டது. கவுண்டரில் நான் முழுசாக உட்கார்ந்திருப்பேன். வருகிறவர்கள் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, “சேவியர் இல்லீங்களா?” என்பார்கள், ஏதோ நானும் நாற்காலியில் ஒரு பாகம் மாதிரி.

ஒருநாள் பரங்கிப்பேட்டை ஷமீமா அக்கா போன் செய்தார். மீனவர் பேச்சைப் பற்றி ஆய்வு செய்தவர். தேவனாம்பட்டினத்துக்காரர்கள் காற்றுக்கு வைத்திருக்கும் பெயர்களை அவர் சொல்லக் கேட்டால் நேரம் போவதே தெரியாது. ஆய்வேட்டை எங்கள் சென்டரில்தான் டைப் அடித்தார். கடைசித் திருத்தத்தைப் பல்கலைக்கழகத் துறை அலுவலகத்தில் தன் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்யச் சொல்லிவிட்டார் பேராசிரியர். எங்கள் தமிழ் சாஃப்ட்வேர் அங்கே இல்லாததால், திறந்தால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வருகிறது. புதிதாக எதையும் ஏற்ற அந்தக் கம்ப்யூட்டர் விடாது. நாலு மணிக்குள் ஒப்படைக்காவிட்டால் இன்னும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். “சேவியர கொஞ்சம் அனுப்புங்க தம்பி,” என்றார்.

சேவியர் சாப்பிடத்தான் போயிருந்தான். “அவனுக்குக் காய்ச்சல்க்கா, நானே வர்றேன்,” என்று சொல்லிவிட்டேன்.

சென்டர் கம்ப்யூட்டரின் முகப்பில் வரிசையாக நின்ற சின்னச் சின்ன ஐகான் படங்களை எல்லாம் என் பென் டிரைவுக்கு இழுத்துப் போட்டேன். ஒரு நொடியில் ஏறிவிட்டது. அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அதே மெஷினில் சொருகித் தட்டிப் பார்த்தேன், எல்லாம் திறந்தது. இவ்வளவுதானா இவன் வித்தை என்று சென்டர் சைக்கிளில் பறந்தேன்.

துறை அலுவலகத்தில் ஒன்றுமே திறக்கவில்லை. கடையைத் தூக்கி வந்ததாக நினைத்துப் பெயர்ப்பலகையை மட்டும் கழற்றி வந்திருந்தேன். கடை சென்டரிலேயே இருந்தது. அது தெரியாமல் மறுபடி மறுபடி தட்டிக்கொண்டிருந்தேன். அக்கா எனக்கு டீ வரவழைத்தார். மூன்று மணிக்கு, பாத்ரூம் போவதாகச் சொல்லி வராந்தாவில் நின்று சேவியருக்கே போன் செய்தேன்.

வந்தான். “காய்ச்சல்னாரே?” என்றார் அக்கா. என்னை ஒரு பார்வை பார்த்தான். “இப்பத் தேவலாங்க்கா.”

அதற்கும் எனக்குப் பொறாமைதான். போட்டுக் கொடுத்திருந்தால் அவனை வெறுக்க ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

அந்த சென்டர் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர்கள் தொங்குகின்றன. யார் எங்கே உட்கார்ந்தாலும் அவரவர் எழுத்து அவரவருக்குத் திறக்கிறது. இன்னார் வந்தால்தான் வேலை ஆகும் என்று வாசலைப் பார்த்து யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. அப்படி வாசலில் வந்து நிற்கிற ஆளாக நான் ஒருநாளும் ஆகாமலே அந்தக் காலம் முடிந்துவிட்டது.

அன்றைக்கு அந்த ஐகான் சங்கதியைக் காதில் சொல்லிவிட்டு, சேவியர் கழுத்துக் கயிற்றைக் கழற்றிச் சொருகினான். கட்டங்கள் தமிழாயின. பேராசிரியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் அரை மணி இருந்தது. கீபோர்டு பக்கத்தில் ஆடை படிந்து கிடந்தது என் டீ, அக்கா எனக்கென்று வாங்கியது. சேவியர் அதை எடுத்து அடி வரைக்கும் குடித்தான்.