கோபப்படத் தெரியாத காவல் பேய்

அபாங் ஜூசோவின் குரலை நான் முதன்முதலாகக் கேட்டது, அவர் அறிவித்த பேருந்தைத் தவறவிட்ட அன்றுதான்.

கோலா திரங்கானு பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். "குவாந்தான் வழியாகக் கோலாலம்பூர் செல்லும் அன்பார்ந்த பயணிகளே" என்று ஒலிபெருக்கியில் ஒரு குரல் எழுந்தது. கிணற்றுக்கு அடியிலிருந்து வருவது போன்ற ஆழம். எங்கள் படத்துக்கான பேய் இதுதான் என்று கண்ணை மூடி ரசித்தேன். கண்ணைத் திறந்தபோது பேருந்து இல்லை. என் கையிலிருந்த சீட்டு அந்தப் பேருந்துக்கானது.

கண்ணாடி அறைக்குள் ஒல்லியாக, சட்டைப் பொத்தான் கழுத்து வரை போட்ட ஒரு மனிதர் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து நின்றார்.

"மன்னிச்சுக்குங்க, அடிக்" என்றார், தங்கையிடம் சொல்வது போல. "நான் இன்னொரு தடவை சொல்லியிருக்கணும்."

நாலு தடவை சொல்லியிருந்தார். நாலையும் ரசித்திருந்தேன்.

டயர் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில், பதினோரு பேராகச் சேர்ந்து நாங்கள் குழந்தைகளுக்கான ஒரு கார்ட்டூன் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். கெனாங்கா என்ற பத்து வயதுப் பெண், அறுந்துபோன தன் பட்டத்தைத் தேடிக் கண்ணுக்குத் தெரியாத மக்களின் ஊருக்குப் போகிறாள். வழியில் டூக்கு மரம் ஒன்று. அதற்கு ஒரு காவல் பேய். கேட்காமல் பழம் பறிக்கிறாள், பேய் உறுமுகிறது, துரத்துகிறது. காடு வழியே போகிறவர்கள், காவல் பேயைத் தாத்தா முறை வைத்து, "தோக், வழி விடுங்க" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். கேட்காதவர்களுக்கு என்ன ஆகும் என்பது அம்மாக்கள் சொல்லும் கதை. அதைத்தான் படமாக்கினோம்.

வசனம் எழுதுவது என் வேலை. குரல் கொடுப்பவர்களுக்கு எதிரே உட்கார்ந்து கெனாங்காவின் வரிகளைப் படித்துக் காட்டுவதும் நான்தான். ஆறு வருடம் மலாயில், ஐந்து வருடம் ஆங்கிலத்தில் படித்தவள். அதில் கிடைத்த பலன், இரண்டு மொழிகளிலும் வாயைத் திறக்காமல் இருக்கப் பழகியது. இரண்டு வருட வேலையில் கூட்டத்தில் ஒரே ஒரு முறை பேசினேன். "பேருந்து நிலையத்தில் ஒரு குரல் இருக்கிறது" என்று. அதனால் ஜூசோ என் பொறுப்பு ஆனார்.

அவருக்கு நாற்பத்தைந்து வயது. எங்களுக்கெல்லாம் அபாங், அதாவது அண்ணன். மாராங்கில் பிறந்தவர். இளவயதில் இதே நிலையத்தில் ஆளைப் பிடித்து இழுத்துச் சீட்டு விற்கும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். "அடுத்த கம்பெனி வண்டி நல்லா இருக்கும், அதுல போங்க" என்று பயணிகளிடம் சொன்னதால் பதினாறாவது நாள் அனுப்பிவிட்டார்கள். அதைக் கேள்விப்பட்ட நிலைய மேலாளர் கூப்பிட்டு ஒலிபெருக்கி முன்னால் உட்கார வைத்தார். பத்தொன்பது வருடம் ஆகிறது. தாமதமாகும் ஒவ்வொரு பேருந்துக்கும் தானே பஞ்சர் ஆக்கியவர் போல மன்னிப்புக் கேட்பார்.

முதல் நாள் ஒலிப்பதிவில், "யாரது, என் மரத்துல கை வச்சது!" என்ற வரியைக் கொடுத்தோம். சொன்னார். மூன்றாம் கவுண்டரில் குடையை விட்டுச் சென்றவர் வந்து பெற்றுக்கொள்ளவும் என்பது போல இருந்தது.

ஒலிப்பதிவாளர் ஃபெண்டி கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "அபாங், பேய் கோபமா இருக்கு. நீங்க அதுகிட்ட லக்கேஜ் வாங்கி வைக்கிற மாதிரி பேசுறீங்க" என்றான்.

"மன்னிச்சுக்குங்க. இன்னொரு தடவை சொல்லட்டுமா?"

இரண்டாவது முறை வரியின் கடைசியில் "தயவுசெய்து" சேர்ந்திருந்தது. அப்படிச் சொன்னதே அவருக்குத் தெரியவில்லை.

நான் பயிற்சி கொடுக்க முன்வந்தேன். நான் யாரிடமும் குரல் உயர்த்தியது கிடையாது. ஆனால் நடிப்பைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் பாதி வரை படித்திருந்தேன். உங்களுக்குத் துரோகம் செய்த ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள் என்று அதில் இருந்தது. ஜூசோ கண்ணை மூடினார். வெகுநேரம் ஆயிற்று.

"யாராவது கிடைச்சாங்களா, அபாங்?"

"ரொசாலி. என் மோட்டார் சைக்கிளை வாங்கிட்டுப் போய் ஆத்துல விட்டுட்டான்."

"நல்லது! அவனை நினைச்சுக்கிட்டே சொல்லுங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவம், அடிக். அவனுக்கு முதுகு வலி. நாலு பிள்ளைங்க வேற."

கடைசியில் நானே உறுமிக் காட்டினேன். ஃபெண்டி ஒலிவாங்கியில், "சுஹைலா, தும்மலா?" என்று அக்கறையோடு கேட்டான்.

இப்படி மூன்று வாரம் போயிற்று. இதற்குள் பேருந்து நிலையம் முழுக்கச் செய்தி பரவியிருந்தது. "ஓய் பேயே, என் வண்டியை எப்பக் கிளப்புறே?" என்று ஓட்டுநர்கள் கண்ணாடியைத் தட்டுவார்கள். "பத்து பத்துக்கு. பத்திரமாப் போய்ட்டு வாங்க" என்பார் பேய். இரண்டாம் வகுப்பு படிக்கும் அவர் மகள் ஹுஸ்னா, தன் அப்பாதான் படத்தில் பேய் என்று வகுப்பில் சொல்லிவிட்டாள். பிள்ளைகள் நம்பவில்லை. உன் அப்பா ஸ்கூல் வாசலில் பூனைக்கு வழி விடுகிறவர் ஆயிற்றே என்றார்களாம். படம் வரட்டும், பாருங்கள் என்று சவால் விட்டிருக்கிறாள்.

அந்த வாரம் தயாரிப்பாளர், நாங்கள் அக்கா முறையில் காக் மஸ்தூரா என்று கூப்பிடுபவர், என்னைக் கூப்பிட்டார்.

"வியாழக்கிழமை மதியத் தொழுகைக்கு முன்னாடி அந்த மனுஷன் கோபப்படணும். இல்லன்னா கோலாலம்பூர்ல இருந்து ஒருத்தரை வரச் சொல்லிட்டேன். அவரு காலைல எந்திரிக்கிறதே கோபமாத்தான்."

எனக்குள் நீளமான மறுப்புரை ஒன்று இரண்டு மொழிகளிலும் தயாராக இருந்தது. வெளியே வந்தது, "சரி, காக்."

ஜூசோவிடம் சொன்னபோது அவர் தலையாட்டினார். வாதாடவில்லை. "அப்ப ஹுஸ்னாகிட்ட நான் என்ன சொல்றது?" என்று மட்டும் கேட்டார்.

வியாழக்கிழமை காலை அவர் வரும்போது கையில் ஒரு பொட்டலம். அப்போதுதான் பொரித்த கெரோப்போக், எங்கள் ஊர் மீன் பலகாரம், ஆறு துண்டு, தொட்டுக்கொள்ள மிளகாய்ச் சாந்து. உள்ளே வைக்கலாமா என்று ஃபெண்டியிடம் கேட்டார். அவன் சரி என்ற பிறகு மேசையில் வைத்தார். நான் எதிரே உட்கார்ந்தேன். பதற்றத்தில் காலையில் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

ஆரம்பித்தோம். ஒன்பது முறை சொன்னார். ஒன்பது முறையும் அதே குடை அறிவிப்புதான். ஒவ்வொரு முறையும் நான் வசனத்தாளில் எதையாவது அடித்துத் திருத்தினேன். பேனா வலது கையில் இருந்தது. இடது கை என்ன செய்துகொண்டிருந்தது என்று யாராவது அப்போது கேட்டிருந்தால், மடியில் இருக்கிறது என்று சத்தியம் செய்திருப்பேன்.

பத்தாவது முறைக்கு முன்னால் அவர் பொட்டலத்தைப் பார்த்தார். அதில் மிளகாய்ச் சாந்து மட்டும் இருந்தது. பிறகு என் விரல்களைப் பார்த்தார். அவையும் சிவப்பாக இருந்தன. என் வாயில் ஆறாவது துண்டு.

"ஹுஸ்னாவுக்கு வச்சிருந்தேன்" என்றார். "ஸ்கூல் விட்டு வந்ததும் குடுக்கலாம்னு."

என்னால் மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. பிறகு அவர் அந்தக் கிணற்றுக் குரலில், சத்தத்தை உயர்த்தாமலே சொன்னார்:

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

தரை அதிர்ந்தது என்று எழுதினால் பொய். ஏசி ஓடும் சத்தம்தான் கேட்டது. ஆனால் எனக்குக் கழுத்துப் பின்னால் முடி நட்டுக்கொண்டது. இருபத்தாறு வயதில், சம்பளம் வாங்கும் வசனகர்த்தா நான், ஓடிப்போய் அம்மா பின்னால் ஒளிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. "மன்னிச்சுடுங்க" என்றேன். வார்த்தையோடு துணுக்குகளும் வந்தன.

அடுத்த கணம் அவரே பதறிவிட்டார். "ஐயோ, இல்ல, இல்ல. நீங்க பசியா இருந்திருப்பீங்க. நான் போய் வேற வாங்கிக்கிறேன், அடிக்" என்று கடைக்கு ஓடினார்.

ஃபெண்டி அசையாமல் நின்றான். பதிவு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

காக் மஸ்தூரா அதை மூன்று முறை போட்டுக் கேட்டார். மூன்றாவது முறை, புல்லரித்த கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். "அலாமாக்! உறுமல் வேணாம். இதுதான் வேணும். பேய்க்கு வாயெல்லாம் தாடிக்குள்ளதான் இருக்கு, எதைப் பேசினாலும் பொருந்தும். சுஹைலா, நீ ஊமைக் கோட்டான் மாதிரி இருந்துக்கிட்டு என்ன வேலை பண்ணியிருக்கே! வேணும்னேதானே சாப்பிட்டே?"

"இல்ல, காக். எனக்குப் பசி."

என் குரலின் அளவு அப்படி. யாருக்கும் கேட்கவில்லை. நடிகரின் மனதைத் துல்லியமாகப் படித்து, சரியான நொடியில் ஆறாவது துண்டை எடுத்த மேதை நான் என்று சாயங்காலத்துக்குள் அலுவலகம் முடிவு செய்துவிட்டது. நானும் மறுக்கவில்லை. இரண்டு மணி நேரம் மேதையாக இருந்தேன், நன்றாகத்தான் இருந்தது.

பிறகுதான் உறைத்தது. அவருக்குத் தெரியாமல் அவர் கோபத்தையும் எடுத்திருக்கிறோம். கேட்காமல் எடுக்காதே என்று ஒரு படமே எழுதியவளுக்கு இது புரிய அரை நாள் ஆயிற்று.

"அவரைக் கேட்டுட்டுப் போடலாமா, காக்?"

"ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருக்காரு. என்னத்தக் கேக்கணும்? வேண்டாம்னு சொல்லிட்டா அவருக்குத்தான் நஷ்டம். கோலாலம்பூர்க்காரருக்கு நான் இன்னும் வர வேணாம்னு சொல்லல, பாத்துக்க."

அதுதான் என் பயமும். கேட்காவிட்டால் அவர் படத்தில் இருப்பார். கேட்டு, அவர் மறுத்தால், என் நேர்மைக்கு அவர் மகள் விலை கொடுக்க வேண்டும். பேருந்து நிலையம் போகும் வழியெல்லாம் திரும்பிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

ஜூசோ எனக்கு பிளாஸ்டிக் முக்காலி போட்டார். அதில் உட்கார எனக்குச் சிரமமில்லையே என்று கேட்டார். நடந்ததைச் சொல்லி, என் போனில் அந்த வரியைக் கேட்கக் கொடுத்தேன். இரண்டு முறை கேட்டார்.

"யாரிது?"

"நீங்கதான், அபாங்."

"உங்ககிட்டயா இப்படிப் பேசினேன்?" முகம் வாடிப்போயிற்று. "ஹுஸ்னா இதைக் கேக்க வேணாம், அடிக்."

"இது இல்லன்னா நீங்க படத்துல இல்ல."

முதல் முறையாக ஒன்றைச் சுற்றி வளைக்காமல் சொன்னேன். அவர் டுங்குன் பேருந்தை அறிவித்தார். பிறகு பெசுட் பேருந்தை அறிவித்தார், அது இருபது நிமிடத் தாமதம், அதற்கு மனமார வருந்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பிள்ளை அப்புறம் என்ன ஆகுது?"

"ஓடுது. பேய் துரத்துது. ரெண்டரை நிமிஷம்."

"அப்புறம்?"

"தப்பிச்சிடுது."

"பழம்?"

"ஓடுறப்ப கீழ விழுந்துடுது."

"அப்ப பசியோடவா போகுது?"

அந்தக் காட்சியைப் பதினோரு முறை திருத்தி எழுதியவள் நான். கெனாங்காவுக்குப் பசி என்ற ஒன்று உண்டு என்று ஒருமுறைகூட நினைத்ததில்லை.

"ஆமா."

"ஒரு தோக் அப்படிச் செய்வாரா? திட்டட்டும். துரத்தட்டும். கேக்காம எடுத்தது தப்புதானே. ஆனா பிள்ளையைப் பசியோட அனுப்பக் கூடாது. கடைசில கையில குடுத்து அனுப்பணும். அதைப் போடுங்க. போட்டீங்கன்னா, என் கோபத்தை எடுத்துக்குங்க. ஹுஸ்னாவும் கேக்கட்டும்."

எங்கள் மாநிலத்தில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை காலை வேலை தொடங்கியதும் காக் மஸ்தூராவின் மேசை முன்னால் நின்றேன். துரத்தல் காட்சியைத் தொட வேண்டாம், எட்டுப் பேர் நான்கு மாதம் வரைந்தது, அது முடிந்தபின் இருபது விநாடி சேர்த்தால் போதும் என்றேன்.

"கோலாலம்பூர்க்காரரு இப்படியெல்லாம் நிபந்தனை போட மாட்டாரு."

"அவரு பொய்யாத்தான் கோபப்படுவாரு, காக். இவரு நிஜமா மனசு நொந்து பேசியிருக்காரு. அப்படிப் பேசினவரு பழமும் குடுக்கணும்னு சொல்றாரு. அந்த ரெண்டும் சேர்ந்ததுதான் பேய். நான்தான் பாதியை எழுதி வச்சிருந்தேன்."

ஃபெண்டி கதவுக்கு வெளியிலிருந்து எட்டிப் பார்த்தான். என் குரல் அங்கே வரை போயிருக்கிறது. காக் மஸ்தூரா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இருபது விநாடி. இருபத்தொண்ணு ஆச்சு, பேய்க்குப் பதிலா உன்னை வரையச் சொல்லிடுவேன்" என்றார். போனை எடுத்துக் கோலாலம்பூருக்கு, வர வேண்டாம் என்று என் கண் முன்னாலேயே செய்தி அனுப்பினார்.

அன்று மதியமே ஜூசோ வந்தார். புதிய வரிகளைக் கொடுத்தேன். "ஓடாதே, நில்லு. இந்தா, ரெண்டு எடுத்துக்க. வழியில பசிக்கும், இதையும் வச்சுக்க." தாளை ஒருமுறை பார்த்தார், மடித்து வைத்தார், பேசினார். ஒரே முறையில் முடிந்தது. அவர் ஹுஸ்னாவைக் கூட்டிவரப் பள்ளிக்குக் கிளம்பிவிட்டார்.

காக் மஸ்தூரா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"உண்மையைச் சொல்லு. இந்தத் தடவை அவரை என்ன பண்ணே?"

"ஒண்ணும் பண்ணல, காக்."

அவர் ஃபெண்டியைப் பார்த்தார். ஃபெண்டி அவரைப் பார்த்தான். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே, என் மேசையில் எங்கேயாவது சாப்பாட்டுப் பொட்டலம் இருக்கிறதா என்று குனிந்து தேட ஆரம்பித்தார்கள்.