கழுநீர்ப் பானையும் வெள்ளிக்கிழமையும்

"இம்புட்டு முடிய வச்சுக்கிட்டு உனக்கு எதுக்குடி புஸ்தகம்? எட்டாவது படிச்சு என்னத்தக் கிழிக்கப் போற?" என்று என் அத்தை கேட்டபோது அவருடைய கை முழங்கை வரை ஒரு பானைக்குள் இருந்தது, அந்தக் கை வெளியே வந்ததும் எழுந்த நாற்றம்தான், என் பள்ளிக்கூட நாட்களை நினைத்தால் இன்றும் முதலில் மூக்கில் ஏறுகிறது.

அத்தை என் அப்பாவின் அக்கா. கணவரை இழந்தபின் அல்லிநகரத்தில் எங்களோடேயே இருந்தார். அவர் சொல்லுக்கு வீட்டில் மறுசொல் கிடையாது. பானையில் இருந்ததை அவர் "தலைத்தண்ணி" என்பார். அரிசி கழுவிய நீரை மூன்று நாள் புளிக்க விட்டு, செம்பருத்தி இலையையும் வெந்தயத்தையும் கற்றாழைச் சோற்றையும் கசக்கிப் போட்டு மேலும் இரண்டு நாள் ஊறவைத்தால், மேலே சாம்பல் நிறத்தில் ஆடை படர்ந்து, கீழே மூக்குச்சளி போல இழை இழையாக இழுபடும் ஒரு கூழ் கிடைக்கும். அதில் புழு நெளிந்தால் விரலால் வழித்து எறிந்துவிட்டு, "புழுவுக்கே பிடிச்சிருக்கு, உன் முடிக்குப் பிடிக்காதாக்கும்?" என்று சிரிப்பார்.

வெள்ளிக்கிழமைதோறும் அதை என் தலையில் அப்பிக் கொல்லைக் கல்லில் உட்கார வைப்பார். அது காதுக்குள் இறங்கும், பிடரியில் வழிந்து முதுகுத்தண்டு நெடுகக் குளிர்ந்து ஊரும், ஈக்கள் வந்து மொய்க்கும், வாயைத் திறந்தால் உதட்டுக்குள்ளும் வரும். பிறகு உசிலை இலைப் பொடி தேய்த்து அலசி, இடுப்புக்குக் கீழே தொங்கும் முடியைக் காயவைத்து முடிப்பதற்குள் உச்சிவெயில் வந்துவிடும். அன்றைய பள்ளிக்கூடம் அவ்வளவுதான். எவ்வளவு அலசினாலும் போகாத புளிச்ச வாடையோடு திங்கட்கிழமை போனால், பக்கத்தில் இருப்பவள், "அங்கன தள்ளி உக்காருடி, கொமட்டுது" என்பாள். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்த முதல் ஆள் நான்; பெஞ்சின் கடைசியில் ஒற்றையாக உட்கார்ந்து, வெள்ளிக்கிழமை நடந்த கணக்குகளை நானாகவே போட்டுப் பழகினேன்.

எட்டாம் வகுப்புப் பரீட்சை பெரியகுளத்தில், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் என்று வந்தது. அத்தை அசையவில்லை.

"பரீட்ச அடுத்த வருசமும் வரும்டி. வெள்ளிக்கிழமை தலை முழுகாத பொம்பளப் பிள்ளைய வாசல் தாண்ட விட்டா வீடு வெளங்குமா? பொண்ணு பாக்க வாரவுக மொதல்ல முடியத்தான் பாப்பாக."

அடுத்த வருஷம் என்று ஒன்று எனக்கு இல்லை என்பது அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்; அதற்குள் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். அப்பா என் முகத்தைப் பார்க்காமல், "பெரியவுக நல்லதுக்குத்தான் சொல்லுவாக, ஆத்தா" என்றார்.

வியாழக்கிழமை மதியம் வயலிலிருந்து அப்பா தாகத்தோடு வந்தார். அடுக்களை இருட்டில் நீராகாரப் பானையும் தலைத்தண்ணிப் பானையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டும் ஒரே அளவு, இரண்டிலும் புளித்த வாடை. அவர் செம்பை முக்கி, அண்ணாந்து, நாலு மிடறு விழுங்கிய பிறகுதான் நின்றார். செம்புக்கும் உதட்டுக்கும் நடுவே ஒரு கொழகொழத்த இழை தொங்கியது. அடுத்த நொடி கொல்லைக்கு ஓடி, எருக்குழி ஓரம் குடலே வெளியே வருவதுபோல் வாந்தி எடுத்தார்.

அத்தை பதறிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். "ஏலே, தலைக்கு ஊத்துறதுடா அது!"

"தலைக்கா?" அப்பா நாக்கைத் துண்டால் துடைத்துத் துடைத்துத் துப்பினார். "என் மாட்டுக்குக்கூட இத வைக்க மாட்டேன்க்கா. இதையா வாராவாரம் இவ தலையில ஊத்துறீக?"

அந்தச் சமயத்தை விட்டால் வேறு சமயம் வாய்க்காது. "அப்பா, நாளைக்குப் பரீட்சை" என்றேன்.

அவர் பானையைத் தூக்கிவந்து எருக்குழியில் கவிழ்த்தார். "நாளைக்கு இவ தலைய ஒருத்தரும் தொடக் கூடாது" என்றார். அத்தை இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. நான் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய யுத்தகாலத்து பஸ்ஸில், அழுக்குத் தலையோடு, அப்பாவின் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து பெரியகுளம் போனேன், தேறினேன், ஆசிரியைப் பயிற்சியும் முடித்தேன்.

இப்போது எங்கள் வீட்டில் அந்தப் பானை இல்லை. கொல்லைக் கல்லில் அம்மா துணி துவைக்கிறாள். அத்தையே கடைச் சோப்பு வாங்கிவரச் சொல்கிறார். அந்தக்காலக் கூந்தலைப் பற்றி உருகிப் பேசுகிறவர்கள் அந்தக் கூழைத் தங்கள் காதுக்குள் வாங்கியவர்களாக இருக்க மாட்டார்கள். பாட்டனார் காலத்து மகிமை என்று யாராவது ஆரம்பித்தால், எனக்கு இன்றும் தொண்டைக்குள் புளிப்பு எழுகிறது.

தேவதானப்பட்டியில் நான் சொல்லிக்கொடுக்கும் வகுப்பில் பதினோரு பெண்கள். வெள்ளிக்கிழமைகளில் நாலு பேருக்கு மேல் வருவதில்லை. போன வாரம் மற்ற ஏழு பேரின் வீட்டுக்கும் நடந்துபோய், ஞாயிற்றுக்கிழமை தலை முழுகினாலும் முடி வளரும் என்று சொல்லிப் பார்த்தேன். சிரித்து, மோர் கொடுத்து அனுப்பினார்கள். மறுநாளே தலைமையாசிரியையிடம் கையெழுத்து வாங்கி, மாதப் பரீட்சை முழுவதையும் வெள்ளிக்கிழமை காலை முதல் மணிக்கு மாற்றிவிட்டேன்.