பரிமளா மேடம் வராமல் இருந்த நான்கு மாதங்கள்

சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வரும் பெற்றோர் எல்லோருக்கும் வணக்கம். என் எழுத்து மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு வரி ஏறும், அடுத்த வரி இறங்கும். எனக்கு அறுபத்தொன்பது வயது. மாலை வகுப்புக்குப் போய் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. இதை எழுத ஐந்து நாள் ஆனது. வேறு யாரையாவது எழுதச் சொல்லியிருக்கலாம். பரிமளா மேடத்தைப் பற்றி இன்னொருவர் கையால் எழுத மனம் வரவில்லை.

படிக்க வந்ததிலிருந்து எனக்கு ஒரு கிறுக்கு. கண்ணில் படும் எதையும் படிக்காமல் விடுவதில்லை. பஸ்ஸின் நெற்றி, டீக்கடைப் பலகை, மூல வைத்தியம், வீடு வாடகைக்கு. ஒன்றைப் படித்து முடித்ததும் யாரோ கையில் மிட்டாய் வைத்த மாதிரி இருக்கும். போன செவ்வாய்க்கிழமை காலை, அம்மா மண்டபம் சாலையில் ஒரு சுவரில் புதுப் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். பசை இன்னும் காயவில்லை. முன்பெல்லாம் அப்படிப்பட்ட போஸ்டரில் படத்தைத்தான் முதலில் பார்ப்பேன். இப்போது எழுத்தின் மேல் ஆசை. ‘கண்ணீர் அஞ்சலி’ என்பதை எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் படித்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தோடு அடுத்த வரிக்கு வந்தேன். பரிமளா என்று இருந்தது. அட, நம் மேடத்தின் பெயர் என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் படத்தைப் பார்த்தேன்.

அவரேதான். நீலப் புடவை, கழுத்தில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. ‘இன்று மாலை நான்கு மணியளவில்’ என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. அதையும் படித்தேன். என் வாழ்நாளில் யார் துணையும் இல்லாமல் நானே படித்துத் தெரிந்துகொண்ட முதல் சாவு அவருடையது.

நம் கூட்டத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். என் மகன் செல்வத்துக்கு முப்பத்து நான்கு வயது. பிறந்ததிலிருந்தே அறிவு வளர்ச்சி மெதுவாக இருப்பவன். மணி பார்க்கத் தெரியாது. பேச்சு யோசித்து யோசித்துத்தான் வரும். அவன் அம்மா போன பிறகு, காந்தி மார்க்கெட்டில் நான் வாழைத்தார் இறக்கப் போகும்போது அவனையும் கூட்டிப்போய் ஒரு சாக்கின் மேல் உட்கார வைத்துவிடுவேன். நான் முடித்து வரும்வரை அங்கேயே இருப்பான். அதுதான் அவனுக்கு விதித்தது என்று இருந்தேன்.

ஆறு வருடத்துக்கு முன்பு அடையாள அட்டை புதுப்பிக்கும் முகாமில்தான் மேடத்தைப் பார்த்தேன். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வெளியே வேலை தேடித் தருவது அவர் வேலை என்றார்கள். அவர் செல்வத்துக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “உங்களுக்கு என்ன வேலை பிடிக்கும் செல்வம்?” என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, “அவனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க மேடம்” என்றேன்.

“நான் உங்களைக் கேக்கலீங்கய்யா.”

சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். எங்களுக்குப் பின்னால் வரிசை முணுமுணுத்தது. அவர் அசையவில்லை. ரொம்ப நேரம் கழித்துச் செல்வம், “துணி மடிப்பேன்” என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் அம்மா இருந்தவரை அவள் புடவைகளை அவன்தான் மடித்து வைப்பான். நான் அதை மறந்தே போயிருந்தேன். முப்பது வயதுக்குக் கிட்ட வரும்வரை அவனிடம் அந்தக் கேள்வியை யாருமே கேட்டதில்லை, நான் உட்பட.

அந்த வருடமே நான் அவருக்கு எதிராகக் கை தூக்கினேன். அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். மாற்றுத்திறனாளிகள் அலுவலகத்தில் ஒரு கூட்டம். துவாக்குடிப் பக்கம் நம் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு பயிற்சிக்கூடம் கட்டலாம், வேன் வந்து ஏற்றிக்கொள்ளும், மதியச் சாப்பாடு உண்டு, வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார் அதிகாரி. பெற்றோர் எல்லோரும் தூக்கினோம். நான் இரண்டு கையையும் தூக்கினேன். பத்திரமாக இருப்பானே, அது போதாதா?

மேடம் மட்டும் எழுந்து, “பயிற்சி எப்ப முடியும் சார்?” என்று கேட்டார்.

“முடியறதுன்னு ஒண்ணும் இல்லம்மா. தொடர்ந்து இருந்துக்கலாம்.”

எனக்கு முன்னால் இருந்த மருங்காபுரிக்காரர் ஒருவர் திரும்பி, சாதாரணமாகச் சொன்னார்: “எம் பொண்ணு இப்படி ஒரு எடத்துலதான் இருக்கா. பன்னெண்டு வருஷமா கவர் ஒட்டக் கத்துக்கிட்டிருக்கா.” சிலர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு ஏனோ யாரும் சிரிக்கவில்லை.

மேடம் அன்று சொன்னதை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். “எல்லாரும் இருக்கற எடம், எல்லாரும் செய்யற வேலை, எல்லாருக்கும் உள்ள சம்பளம். இந்த மூணுல ஒண்ணு குறைஞ்சாலும் அதுக்கு வேலைன்னு பேரு வைக்காதீங்க சார்.” வெளியே வந்ததும் நான் அவர் முகத்தைப் பார்க்காமல் நடந்தேன். அவரே கூப்பிட்டு, “ரெண்டு கையைத் தூக்கினா ரெண்டு ஓட்டு இல்லீங்கய்யா” என்று சிரித்தார்.

ஸ்ரீரங்கத்தில் யாத்திரை வருகிறவர்கள் தங்கும் லாட்ஜுகளின் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் சலவைக்கடை ஒன்று இருக்கிறது. அங்கேதான் செல்வத்துக்கு இடம் பிடித்தார். ஒவ்வொரு லாட்ஜின் விரிப்புக்கும் மூலையில் ஒரு நிற நூல் தைத்திருக்கும். நூலைப் பார்த்துப் பிரித்து, மடித்து, அடுக்க வேண்டும். விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். முதல் மூன்று வாரம் மறுமுனையை மேடமே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அந்த முனையை அங்கே வேலை செய்யும் மல்லிகாவிடம் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்தார். பிறகு எதிர் டீக்கடை பெஞ்சுக்குப் போனார். பிறகு வாரம் ஒரு நாள், அப்புறம் மாதம் ஒரு நாள்.

எனக்குப் பயம். “இப்படி விட்டுட்டுப் போறீங்களே மேடம்?” என்று கேட்டேன்.

“நான் தேவைப்படாமப் போறதுதாங்க என் வேலையே. நான் வரலைன்னா எல்லாம் நல்லா நடக்குதுன்னு அர்த்தம். கவலைப்படாதீங்க.”

இந்தப் பேச்சை நான் நெஞ்சில் எழுதி வைத்துக்கொண்டேன். அதுதான் பிறகு நம்மை ஏமாற்றியது.

நானும் சும்மா இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் ஜீயபுரத்துப் பூவன் பழத்தில் நல்ல சீப்பாக இரண்டு எடுத்துக்கொண்டு போய் முதலாளி சுந்தரத்திடம் கொடுத்தேன். பையனை வைத்துக்கொண்டிருக்கிறாரே என்ற நன்றி. அவரும் செல்வத்தை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். பச்சை நூலையும் நீல நூலையும் அவன் கலந்துவிட்டால் மல்லிகாவுக்குத் திட்டு விழும். ஒரு நாள் அவள் மேடத்திடம் போட்டு உடைத்துவிட்டாள்: “அவங்கப்பா பழம் குடுப்பாரு, நான் பேச்சு வாங்கணுமாக்கா?”

மேடம் வீட்டுக்கே வந்துவிட்டார். கோபத்தில் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார்.

“மல்லிகா வீட்டுலேர்ந்து யாராச்சும் பழம் குடுக்கறாங்களாங்கய்யா?”

“இல்லீங்க.”

“அப்ப நீங்க மட்டும் ஏன் குடுக்கறீங்க? அவன் வேலை செய்யறான். நீங்க அதைத் தயவா மாத்திட்டு வர்றீங்க.”

பழத்தை நிறுத்தினேன். இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை செல்வம் அழுதுகொண்டே வந்தான். ஒரு லாட்ஜின் விரிப்பு முழுவதும் இன்னொரு லாட்ஜுக்குப் போய்விட்டதாம். முதலாளி கத்திவிட்டாராம். எனக்கு ரத்தம் கொதித்தது. மேடத்துக்குப் போன் போட்டு, நாளையிலிருந்து அவனை அனுப்ப மாட்டேன் என்றேன். “என்ன சொல்லித் திட்டினாராம்?” என்றார். “கண்ணு எங்கடா வெச்சிருக்கேன்னாராம்.” “மல்லிகாவையும் அப்படித்தானே திட்டுவாரு?” “ஆமாங்க.” அப்புறம், “இன்னைக்குத்தாங்கய்யா செல்வத்துக்கு வேலை கிடைச்சிருக்கு” என்றார். செல்வம் மறுநாளும் போனான். அதற்குப் பிறகு நூல் மாறியதாக நான் கேள்விப்படவில்லை.

போன வருடக் கடைசியில் மேடம் இளைத்திருந்தார். “சாப்பிடறீங்களா இல்லையா?” என்று கேட்டேன். “டயட்டுங்கய்யா” என்றார். நம்பினேன். பிறகு சலவைக்கடைக்கு வருவது நின்றது. சனிக்கிழமைக் கூட்டத்துக்கும் வரவில்லை. போனில் மட்டும் பேசினார். அதுவும் குறைந்தது. நாம் என்ன செய்தோம்? நினைவிருக்கிறதா? நம் பிள்ளைகள் தேறிவிட்டார்கள், அதனால்தான் மேடம் வருவதில்லை என்று நமக்குள் பெருமையாகப் பேசிக்கொண்டோம். மூன்றாவது மாதம் நான் கேசரி கிளறிக் கொண்டுவந்தேன். நீங்கள் எல்லோரும் சாப்பிட்டீர்கள். அவர் வராமல் இருப்பதற்காக நாம் இனிப்பு சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்தச் சனிக்கிழமை, அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்திருக்கிறார்.

போஸ்டரைப் பார்த்ததும் சலவைக்கடைக்கு ஓடினேன். செல்வத்தைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று உள்ளே நுழைந்து அவன் கையைப் பிடித்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவன் அழவில்லை. ஒரு கையில் விரிப்பின் முனை இருந்தது. மறுமுனையில் மல்லிகா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். “வாப்பா, போலாம்” என்றேன். அவன் கையை விடுவித்துக்கொண்டான். அந்த விரிப்பை மடித்து முடித்து அடுக்கில் வைத்தான். பிறகு என்னை விட்டுவிட்டு, நேராக முதலாளி மேசைக்குப் போய் நின்றான்.

“லீவு வேணும்ண்ணே.”

“எதுக்குடா?”

“எங்க மேடம் செத்துட்டாங்க.”

சுந்தரத்துக்கும் அப்போதுதான் தெரியும். எழுந்து நின்றுவிட்டார். கண் கலங்கியது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “போயிட்டு வா. அரை நாள் சம்பளம் பிடிப்பேன், தெரியும்ல?” என்றார்.

“தெரியும்ண்ணே” என்றான் செல்வம்.

மல்லிகாவும் லீவு கேட்டாள். அவளுக்கும் அதே பதில்தான். இந்த அரை நாளுக்காகத்தான் அந்த அம்மா எத்தனை அலுவலகப் படி ஏறினார் என்று நினைத்தேன். அங்கேயே, அந்த ஈரத்துணி நாற்றத்துக்கு நடுவில், வாய்விட்டு அழுதேன்.

திருவானைக்காவலில் அவர் வீட்டு வாசலில் கூட்டமாக இருந்தது. அவர் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “சொல்லாதீங்கன்னுட்டாங்க. சொன்னா எல்லாரும் பிள்ளைங்களுக்கு லீவு போட்டுட்டு வந்து ஆஸ்பத்திரியில நிப்பாங்க, அப்புறம் வேலை என்னாகும்னாங்க” என்றார்.

உங்கள் எல்லோருக்கும் உள்ள கவலைதான் எனக்கும். எனக்கப்புறம் இவனுக்கு யார்? மேடம் இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர் எனக்கு முன்னால் போய்விட்டார். அந்தக் கவலையோடுதான் ஓயாமரி சுடுகாட்டுக்குப் போகும் ஊர்வலத்தில் நடந்தேன். வழியில் செல்வத்தின் செருப்பு அறுந்தது. ஒரு கடைக்காரர் பார்த்துவிட்டு, “செல்வம், இந்தா, இதைப் போட்டுக்க, நாளைக்குக் குடு” என்று தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்தார். எனக்கு அவரைத் தெரியாது. “நீங்க யாருங்க?” என்று அவர்தான் என்னைக் கேட்டார். “அவனோட அப்பா” என்றேன். “ஓ, நம்ம செல்வத்தோட அப்பாவா!” என்றார்.

அத்தனை வருடம் மார்க்கெட்டில் அவனை எல்லோரும் என் பெயரைச் சொல்லித்தான் அடையாளம் காட்டினார்கள். இப்போது அவன் பெயரைச் சொன்னால்தான் என்னைத் தெரிகிறது. பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மேடம் எனக்கென்று விட்டுப்போனது இந்தப் பெயர்தான். செல்வத்தின் அப்பா. இதை வைத்துக்கொள்கிறேன்.

விரல் வீங்கிவிட்டது, நிறுத்துகிறேன். அவர் ஒரு தடவை டவுன் பஸ் கண்டக்டரோடு போட்ட சண்டையை எழுத வேண்டும். எனக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கிறது, மீதி செல்வத்துக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு வேலை இல்லை. பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டு, அடுத்த வாரம் எழுதிக் கொண்டுவருகிறேன்.