அந்த இடத்தை விட்டுப் போன ரீச்சர்

மாலைதீவிலிருந்து கடிதம் வந்த அன்று நான் சிங்ஞோராவின் வீட்டில் மேசைவிரிப்பை அயன் பண்ணிக்கொண்டு நின்றேன். வேலை செய்யும் வீட்டு எசமானியை இங்கே சிங்ஞோரா என்போம். மனைவி எனக்குப் போன் எடுத்தாள். வேலை நேரத்தில் அவள் எடுப்பதில்லை. ஊரில் யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

"எனக்கு வேலை தந்திருக்கினம். இங்கிலிஸ் படிப்பிக்க," என்றாள்.

"எந்த வீட்டிலை?" என்று கேட்டேன்.

அந்தக் கேள்வியை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. இத்தாலியில் பலேர்மோவுக்கு வந்து ஏறக்குறைய இருபது வருடம். எனக்கு வேலை என்றால் வீடு. எங்கள் ஆட்கள் "எனக்கு மூன்று வீடு இருக்கு" என்று சொன்னால் மூன்று வீட்டில் வேலை செய்கிறார்கள் என்று அர்த்தம். சொந்த வீடு யாருக்கும் இல்லை.

அவள், "வீடில்லை. பள்ளிக்கூடம்," என்றாள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அவள் ஆசிரியர் கலாசாலையில் பயின்று கிளிநொச்சியில் இங்கிலிஸ் படிப்பித்தவள். சண்டை ஓய்ந்திருந்த காலத்தில் நான் ஊருக்குப் போய்க் கலியாணம் செய்தேன். அவளுடைய ஆட்கள் அவளை எனக்குக் கட்டிக்கொடுக்கவில்லை, இத்தாலிக்குத்தான் கட்டிக்கொடுத்தார்கள். அது எனக்கு அப்போதே தெரியும். யுத்தம் முடிந்த அடுத்த வருடம் மகளையும் கூட்டிக்கொண்டு அவள் இங்கே வந்தாள். வந்த மூன்றாம் மாதம் ஒரு வீட்டில் நிலம் துடைக்கத் தொடங்கினாள்.

அந்த வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை ஒன்று இருந்தது. ஒருநாள் மேசை துடைக்கும்போது பிள்ளையின் இங்கிலிஸ் கொப்பி திறந்தபடி கிடந்திருக்கிறது. கண்ணில் பட்ட பிழை ஒன்றை இவள் பென்சிலால் திருத்திவிட்டாள். மறுநாள் சிங்ஞோரா கோபப்படாமலேயே சொன்னாளாம்: மேசையைத் துடை, கொப்பியைத் தொடாதே. வீட்டுக்கு வந்து இதை எங்களுக்குச் சிரித்துச் சிரித்துத்தான் சொன்னாள். பிறகு அந்தக் கிழமை முழுவதும் அவள் வாய் திறந்து கதைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

கலாசாலையில் அவளோடு படித்த ஒருத்தி மாலைதீவில் படிப்பிக்கிறாள். பக்கத்துத் தீவில் ஒரு இடம் காலியாகிறது என்று எழுதியிருக்கிறாள். இவள் எனக்குச் சொல்லாமலே விண்ணப்பித்து, நான் வேலைக்குப் போயிருந்த நேரம் கம்ப்யூட்டரில் நேர்முகத்துக்கும் இருந்திருக்கிறாள்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"கிடைக்காட்டி உங்களுக்கு ஏன் சொல்லுவான் எண்டு இருந்தனான்."

இரண்டு வருட ஒப்பந்தம். தங்க அறை. போக வர டிக்கெட். குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. பதின்மூன்று வயது மகள் இங்கே படிக்கிறாள். பதில் சொல்லப் பத்து நாள்தான் தந்திருந்தார்கள்.

விஷயம் என் மச்சானின் காதுக்கு அன்றே போய்விட்டது. மச்சான் அவளுடைய தமையன், பல்லரோச் சந்தைக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். கறித்தூள் வாங்கப் போனபோது கடையில் நாலைந்து பேர் நின்றார்கள்.

"என்ன மச்சான், தங்கச்சி ரீச்சராப் போறாவாம், நீர் குசினியிலை சமையலாம்?" என்றார்.

நான் சிரித்தேன்.

"சனம் பெண்சாதியை இஞ்சை கூப்பிட எத்தினை கந்தோர் ஏறி இறங்குது. இவர் வந்தவவை அனுப்பப் போறார்," என்றார் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்ற ஒருவர்.

"அவருக்கென்ன, சிங்ஞோராவுக்குப் பயந்து பழகினவர். வீட்டிலையும் ஒரு சிங்ஞோரா," என்றார் இன்னொருவர்.

"அஞ்சாம் வகுப்புக்கு ரீச்சரைக் கட்டிக் குடுத்தனே, என்ரை பிழைதான்," என்று மச்சான் முடித்து வைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட மனத்தோடு சிரிக்கவில்லை, கடையில் எப்போதும் நடக்கிற பகிடிதான். நான் கறித்தூளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். எனக்குப் பதில் எப்போதும் பிந்தித்தான் வரும். அன்றும் கபோ என்ற பகுதியில் உள்ள எங்கள் வீட்டுப் படியில் மூன்றாம் மாடிக்கு ஏறியபோதுதான் வந்தது. மூன்றாம் மாடியில் அதைக் கேட்க யாரும் இருக்கவில்லை.

வீட்டில் அவள் கடிதத்தை அச்சடித்து வைத்து வாசித்துக்கொண்டிருந்தாள். தமிழில் எனக்கும் வாசித்துக் காட்டினாள். வேலை நேரம், லீவு, மருத்துவம் என்று எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனாலும் அவளுக்கு ஒரு பயம். "கடதாசியிலை எல்லாம் நல்லாத்தான் இருக்கும். அங்கை போனாப் பிறகு என்னெண்டு தெரியும்?" என்றாள்.

கடதாசியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு வேலையை எடுக்கலாமா விடலாமா என்று பார்ப்பது எனக்குத் தெரியும்.

எங்கள் ஆட்களுக்குள் வீடு கைமாறும். லண்டனுக்கோ கனடாவுக்கோ போகிறவர் தன் வீட்டை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டுப் போவார். எடுக்கிறவர் சிங்ஞோராவிடம் ஒன்றும் கேட்பதில்லை, விட்டுப் போகிறவரிடம்தான் கேட்பார். அவருக்கு இனி அந்த வீட்டில் பயமும் இல்லை, ஆசையும் இல்லை. உள்ளதைச் சொல்வார். நான் ஒரேயொரு முறை அப்படிக் கேட்காமல் ஒரு வீடு எடுத்தேன். நல்ல வீடு, மரியாதையான கிழவர். முதல் நாள்தான் தெரிந்தது, கழிப்பறையைப் பூட்டித் திறப்பைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார் என்று. வேலைக்காரர் பாவிக்கக் கூடாது. ஒரு குளிர்காலம் முழுக்க நாலு மாடி இறங்கி எதிரே இருந்த கோப்பிக் கடைக்குப் போய் வந்தேன். எனக்கு முன் அங்கே வேலை செய்தவரைப் பிறகு ஒருநாள் கண்டபோது, "நீர் என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்," என்றார்.

ஆகவே மனைவியிடம் கேட்டேன்: "அந்த இடம் ஏன் காலியானது? ஆர் விட்டிட்டுப் போனது?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இது பள்ளிக்கூடம். சிங்ஞோரா வீடில்லை."

"பள்ளிக்கூடத்திலையும் ஆரோ இருந்துதானே விட்டிருப்பினம்."

"ஒரு ரீச்சர் இன்னொரு ரீச்சரிட்டை அப்பிடிக் கேக்கிறேல்லை. மரியாதை இல்லை."

"அப்ப நான் கேக்கிறன். எனக்கு மரியாதை தெரியாதெண்டு நினைப்பினம், நினைக்கட்டும்."

அவள் சிரித்துவிட்டாள். முன்பின் தெரியாதவரோடு நான் போனில் கதைத்ததே கிடையாது. மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்தால்கூடப் போனை மனைவியிடம் நீட்டிவிட்டுப் பல்கனிக்குப் போய்விடுகிறவன். ஆனாலும் சொன்னது சொன்னதுதான். அவள் தோழிக்கு எழுதினாள். விட்டுப் போனவர் மட்டக்களப்பில் இருக்கிறார் என்று நம்பர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பகலில் தானே எடுக்கிறேன் என்று அவரும் சம்மதித்தார்.

அதற்கிடையில் நான் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது: இரண்டு வருடம் வெளியே நின்றால் அவளுடைய பெர்மெசோ, அதாவது இத்தாலி வதிவிட அனுமதி, முறிந்துவிடுமா என்று கேட்க வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்குப் பத்திரங்கள் நிரப்பிக் கொடுக்கும் கந்தோர் ஒன்று இருக்கிறது. வழமையாக அவளைத்தான் கூட்டிக்கொண்டு போவேன். அன்று தனியப் போனேன். என் முறை வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், உன் மனைவி எதற்கு வெளியே போக வேண்டும், உடம்பு சரியில்லாத ஆட்கள் ஊரில் இருக்கிறார்களா என்று கேட்டாள். "இல்லை. அவள் புரொபெசொரேசா. படிப்பிக்கப் போகிறாள்," என்று இத்தாலியனில் சொன்னேன். அந்தச் சொல்லை என் வாயால் உரத்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றேன். அவளிடம் இருப்பது நீண்டகாலப் பெர்மெசோ. ஐரோப்பாவுக்கு வெளியே தொடர்ந்து பன்னிரண்டு மாதம் நிற்காமல் இடையில் வந்து போனால் அது முறியாது என்றாள் அந்தப் பெண். பள்ளிக்கூட லீவுக்கு வந்தால் போதும். வீட்டுக்கு வந்து சொன்னபோது, "நீங்கள் தனியப் போய்க் கேட்டனீங்களோ?" என்று மனைவி இரண்டு தரம் கேட்டாள்.

ஞாயிறு சமையல் என்னுடையது. ஆட்டிறைச்சிக் கறியும் சோறும் வைத்து, கத்தரிக்காயை இந்த ஊர் மாதிரிப் புளிப்பும் இனிப்புமாகச் செய்திருந்தேன். அழைக்காமலே மச்சான் வந்தார். தங்கச்சிக்குப் புத்தி சொல்ல வந்திருக்கிறார் என்று முகத்திலேயே தெரிந்தது. அவர் இருக்கும்போதே மட்டக்களப்பு ரீச்சரின் அழைப்பு வந்துவிட்டது. மகள் போனை மேசை நடுவில் வைத்து ஒலியைக் கூட்டிவிட்டாள்.

கலண்டர் தாளின் பின்பக்கத்தில் மூன்று கேள்வி எழுதி வைத்திருந்தேன். தாளைப் பார்த்தே வாசித்தேன்.

"பாஸ்போட் ஆரிட்டை இருக்கும், ரீச்சர்?"

"என்னட்டைத்தான் இருந்தது, அண்ணை. விசா அடிக்க மட்டும் குடுத்து வாங்கினனான்."

"அறையை உள்ளுக்கை பூட்டலாமோ? திறப்பு ஆரிட்டை?"

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். மச்சான், "என்ன கேள்வியப்பா இது," என்று முணுமுணுத்தார்.

"என்னட்டை ஒண்டு, ஒபிசிலை ஒண்டு. என்னைக் கேக்காமல் ஒருதரும் திறந்ததில்லை," என்று அந்த ரீச்சர் நிதானமாகச் சொன்னார். கேட்காததையும் சொன்னார். குழாய்த் தண்ணீர் உப்பு. காற்றுக் காலத்தில் படகு வராது, அப்போது மரக்கறி கிடைப்பது கஷ்டம். பிள்ளைகள் சத்தம்தான், ஆனால் பாசமானவர்கள், கடற்கரையில் கண்டால்கூட மிஸ் என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடி வருவார்கள். அதிபர் நல்லவர்.

மூன்றாவது கேள்வி தாளின் அடியில் இருந்தது. "அப்ப ஏன் விட்டனீங்கள்?"

மகள் போனை எனக்குக் கிட்டத் தள்ளினாள்.

"பள்ளிக்கூடத்தாலை இல்லை, அண்ணை. என்ரை மனிசன் தனிய இருக்க ஏலாதெண்டு நிண்டார். சமைச்சுக் குடுக்க ஆளில்லையாம், சனம் பகிடி பண்ணுதாம். ஒவ்வொரு நாளும் போன் எடுத்து அதுதான் கதை. கடைசியிலை வந்திட்டன். இப்ப வீட்டிலைதான் இருக்கிறன்." பிறகு கேட்டார்: "நீங்கள் அவவைப் போக விடுவீங்களோ?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாய் திறக்குமுன் மனைவி போனுக்குக் கிட்டக் குனிந்தாள்.

"அவர் விடுற விசயம் இல்லை இது, ரீச்சர். போறதோ இல்லையோ எண்டு நான்தான் யோசிக்கிறன்."

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. "அப்ப போங்கோ," என்றார் அவர்.

போன் வைக்கப்பட்டதும் மச்சான் தொடங்கினார். "கேட்டனியே தங்கச்சி? அந்த மனிசியே விட்டிட்டு வந்திட்டுது. குடும்பமெண்டால் அப்பிடித்தான். இஞ்சை இந்தப் பெட்டைக்கு ஆர் சமைக்கிறது? உடுப்பு ஆர் தோய்க்கிறது? மச்சானும் ஒரு ஆம்பிளை, அவரை நாலு பேர் என்ன சொல்லுவினம்?"

மூன்றாம் மாடியில் வந்த பதில் அப்போதும் என்னிடம் இருந்தது. இந்த முறை பிந்தவில்லை.

"மச்சான், இருபது வருசமா வேறை ஆக்களின்ரை வீட்டிலை சமைக்கிறன், தோய்க்கிறன், அயன் பண்ணுறன். அப்ப ஒருதரும் ஆம்பிளையோ எண்டு கேக்கேல்லை. என்ரை வீட்டிலை செய்தால் மட்டும் என்ன குறைஞ்சு போம்?"

"சனம் கதைக்கும்."

"கதைக்கட்டும். உங்கடை கடையிலை நிண்டுதானே கதைப்பினம். நானும் வந்து நிக்கிறன், எனக்கு முன்னாலை கதைக்கச் சொல்லுங்கோ."

அவர் என்னை இப்படிக் கண்டதில்லை. நானும் என்னை இப்படிக் கண்டதில்லை.

மனைவி மகளைப் பார்த்தாள். அவளுக்குத் தடையாக இருந்தது மகள் மட்டும்தான் என்று எனக்குத் தெரியும். மகள் எலும்பை உறிஞ்சிக்கொண்டு, "அம்மா அங்கை ப்ரொபா?" என்று கேட்டாள். இங்கே பிள்ளைகள் ஆசிரியர்களை 'ப்ரொப்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஓம்."

"அப்ப என்ரை ஹோம்வேர்க் ஆர் பாக்கிறது?"

"நீ படம் எடுத்து அனுப்பு. நான் திருத்தி அனுப்புறன்."

"சிவப்புப் பேனையாலை வேண்டாம்," என்றாள் மகள்.

மனைவி எழுந்து கைகழுவிவிட்டு வந்தாள். தட்டுகளை ஒரு பக்கம் தள்ளிக் கடிதத்தை மேசையில் விரித்தாள். பேனையை எடுத்து, கையெழுத்துப் போடுமுன் முழுவதையும் மறுபடி ஒருமுறை வாசித்தாள். அவசரப்படவே இல்லை. பிறகு கையெழுத்துக்கு விட்டிருந்த மூன்று இடத்திலும் முழுப் பெயரை எழுதினாள். அந்தக் கையெழுத்தை நான் பெர்மெசோப் பத்திரங்களில் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். அவற்றில் அது கட்டத்துக்குள் ஒடுங்கிக் கிடக்கும். அன்று கோட்டைத் தாண்டிப் போனது.

மச்சான் தன் தட்டை இழுத்துவைத்துச் சாப்பிட்டார். இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டார். கடைசியில் ஏதாவது சொல்ல வேண்டும் போல அவருக்கு இருந்திருக்க வேண்டும்.

"கறிக்கு உப்புக் காணாது," என்றார்.

"உப்பு உங்களுக்கு முன்னாலைதான் இருக்கு மச்சான்," என்றேன். "எடுத்துப் போடுங்கோ."