நல்ல தையலில் சிவப்பு அம்பு

தையல் ஆலையில் அவளைச் செக்கிங் அக்கா என்பார்கள். முடிந்த சட்டைகளை விளக்கடியில் விரித்து, தையல் தவறிய இடத்தில் சிவப்பு அம்பு ஒட்டுவது அவள் வேலை. அம்பு ஒட்டியது தைத்தவளிடமே திரும்பும். பிரித்துத் தைக்க வேண்டும். அவள் ஒட்டிய அம்பை யாரும் மறுத்துப் பேசியதில்லை.

காலர் வரிசையில் அவள் நாத்தனார் இருந்தாள். ஒரே வீடு, ஒரே அடுப்பு. நாத்தனார் தொழிற்சங்கத்தில் சேர்ந்ததோடு நிற்காமல் வரிசையில் பாதிப் பேரைச் சேர்த்துவிட்டாள். மேனேஜர் செக்கிங் அக்காவைக் கூப்பிட்டார். சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருத்தியை வெளியே அனுப்பச் சட்டம் விடாது, தையல் மோசமென்றால் விடும் என்றார். உட்காரச் சொல்லிவிட்டுத்தான் இதைச் சொன்னார். அந்த அறையில் அதுவரை அவளை யாரும் உட்காரச் சொன்னதில்லை.

மறுநாள் முதல் நல்ல காலர்களிலும் அம்பு விழுந்தது. நாத்தனார் முகம் சுளிக்காமல் பிரித்தாள். மெல்லிய துணி, பிரித்த இடத்தில் ஊசித்துளை நின்றுவிடும், திரும்பத் தைத்தாலும் மறையாது. நல்ல சட்டைகள் அப்படித்தான் கழிவாயின.

“சங்கத்துல கையத் தூக்கித் தூக்கி, கை கோணிப்போச்சு போல அண்ணி” என்று சிரித்தாள். அண்ணியும் சிரித்துவைத்தாள்.

நாத்தனாருக்கு வேலை போயிற்று. சங்கம் தொழிலாளர் அலுவலகத்தில் வழக்குப் போட்டது. விசாரணையன்று அண்ணி மேனேஜர் பக்கத்து நாற்காலியில், சாட்சியாக. அதிகாரி துளை விழுந்த காலர்களை மேசையில் பரப்பி, யார் தைத்தது என்று கேட்டார். தையலில் குறையே இல்லை என்று சொல்லும்படி சங்கச் செயலாளர் நாத்தனாருக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

“நான் தச்சதுதாங்க. தப்பு இருந்திருக்கும். எங்க அண்ணி சும்மா ஒட்டமாட்டாங்க.”

செயலாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். அதிகாரி எழுதத் தொடங்கினார்.

அண்ணி எழுந்தாள். ஒட்டும்போது அந்தக் காலர்களில் ஒரு குறையும் இல்லை என்றாள். யார் சொல்லி ஒட்டினாள் என்பதையும் சொன்னாள். காதில் விழவில்லை, சத்தமாகச் சொல்லுங்கள் என்றார் அதிகாரி. சத்தமாகச் சொன்னாள்.

வேலை திரும்பக் கிடைத்துவிடும் என்று செயலாளர் வாசலில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நாத்தனார் அண்ணியிடம் வந்தாள்.

“ஒவ்வொண்ணையும் பிரிக்கிறப்ப என்னையே திட்டிக்கிட்டேன். பக்கத்துலதானே நின்னீங்க?”

நின்றிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருந்தது.

ஒரே பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போக வேண்டும். பக்கத்தில் இடம் இருந்தும் நாத்தனார் கடைசிவரை நின்றுகொண்டே வந்தாள்.