ஜீப்புன்னு எழுதுங்க

மதினியின் அலுமினியத் தூக்குச்சட்டி ஒரு பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒடுங்கியிருக்கும். மூடி பொருந்தாது. அதில் அவர் சோறு கொண்டுபோவதை நிறுத்திப் பல வருஷங்கள் ஆகின்றன. பண்ணைப்புரம் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் பறவை விரட்டும் வேலை அவருக்கு. சட்டியைக் கயிற்றில் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு, இடது கைக் குச்சியால் தட்டிக்கொண்டே பந்தலைச் சுற்றி நடப்பார். வலது கை முழங்கைக்குக் கீழே கோணலாக ஒட்டியிருக்கிறது. அந்த விரல்களில் குச்சி நிற்காது. அந்தச் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. அது தணிய வேண்டும் என்று நான் விரும்பியதும் இல்லை.

அண்ணன் இறந்தபின் இரண்டு பெண்பிள்ளைகளையும் மதினி வளர்த்தது ஏலக்காய்க் கூலியில்தான். விடியுமுன் தெருமுனைக்கு ஜீப் வரும். கம்பம்மெட்டுச் சாலையில் மலையேறி, கேரளத்துத் தோட்டங்களில் பெண்களை இறக்கிவிட்டு, சாயங்காலம் கொண்டுவந்து சேர்க்கும். உள்ளே இடம் நிறைந்த பிறகும் டிரைவர் ஆள் ஏற்றுவான். எங்கள் தெருப் பையன்தான் அவன். "ஏலே, ஏலக்கா மூடையக்கூட இம்புட்டு நெருக்கி அடுக்க மாட்டாகடா" என்று மதினி சொல்ல, "மூடை வாய் பேசாது மதினி, அதான் அதுக்கு எடம் விடுறாக" என்பான் அவன். ஜீப்பே சிரிக்கும்.

1999 ஐப்பசி, அடைமழைக் காலம். ஏறும்போது ஒரு வளைவில் ஜீப் பக்கவாட்டில் சரிந்து கவிழ்ந்தது. மற்றவர்கள் சிராய்ப்போடு தப்பினார்கள். மதினியின் வலது கை ஜீப்புக்கும் பாறைக்கும் நடுவில் சிக்கியது. மடியில் இருந்த தூக்குச்சட்டியும் அதோடு சேர்ந்து நசுங்கியது.

நான் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் எழுதி முடித்திருந்தார்கள். எனக்கு முன்பே டிரைவரின் தாயார் வந்து மதினியின் காதருகே குனிந்து சொல்லியிருக்கிறார்: "ஏத்தா, எம்மகன் பொழப்பு இப்ப ஒன் வாயிலதான் இருக்கு. கேசுன்னு ஆயிட்டா வண்டியக் கொண்டுபோயிருவாக. நாளைக்கு நம்ம தெருவே எதுல வேலைக்குப் போகும்? காட்டுல வழுக்கி விழுந்தேன்னு சொல்லிரு ஆத்தா. வைத்தியத்த நாங்க பாத்துக்கிறோம்."

மதினி அப்படியே சொன்னார். டாக்டரும் அப்படியே எழுதினார். எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. ஜீப்பிலிருந்து விழுந்தவர்கள் எல்லாரும் ஆஸ்பத்திரிக் கணக்கில் காட்டில் வழுக்கி விழுந்தவர்கள்தான். டிரைவர் யாரோ ஒருத்திக்குத் தம்பி, யாரோ ஒருத்திக்கு மருமகன். ஜீப் நின்றால் எல்லா வீட்டு அடுப்பும் நிற்கும். மற்றவர்களின் அடுப்புக்காகத்தான் மதினி அந்தப் பொய்யைச் சொன்னார்.

தை மாதம் கட்டுப் பிரித்தபோது கை கோணலாக ஒட்டியிருப்பது தெரிந்தது. வைத்தியம் பார்ப்பதாகச் சொன்னவர்கள் கார்த்திகையோடு வருவதை நிறுத்திவிட்டார்கள். அதன்பிறகுதான் போலீசில் புகார் கொடுத்தோம். இழப்பீட்டு வழக்கும் போட்டோம். எங்கள் வக்கீல் நல்ல மனிதர். ஆஸ்பத்திரிப் பதிவைப் படித்துவிட்டு, வழுக்கி விழுந்ததாக எழுதியிருந்த வரிக்குக் கீழே கோடு போட்டார்.

வாய்தாவுக்குத் தேனியில் இறங்கி இன்னொரு பஸ் பிடிப்போம். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருஷங்களை நான் நினைவில் வைத்திருப்பது தேர்தலாலோ மழையாலோ அல்ல. எந்த வருஷம் நீதிபதி மாறினார், எந்த வருஷம் எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை என்பதால்தான். காப்பீட்டுக் கம்பெனியின் வாதத்தை இன்று நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன். ஜீப் அன்று மலையேறவில்லை என்றால் விபத்தே இல்லை, ஆகவே இழப்பீடு இல்லை. ஏறியது என்றாலும் கூலிக்கு ஆள் ஏற்ற அதற்கு அனுமதியில்லை, ஆகவே அப்போதும் கம்பெனி இழப்பீடு தராது. எந்தப் பக்கம் போனாலும் சுவர்தான். அதைக் கட்டியவர்கள் சட்டம் படித்தவர்கள்.

மதினியைக் கூண்டில் ஏற்றி, "வீட்டுல யாரு சமைக்கிறது?" என்று கம்பெனி வக்கீல் கேட்டார்.

"நான்தேன்."

"அப்போ கை வேலை செய்யுது."

"இடது கைல சமைக்கிறேன்யா. நீங்க ஒரு நா சமைச்சுப் பாருங்க, தெரியும்."

கோர்ட்டு சிரித்தது. 'மனுதாரர் சமையல் செய்கிறார்' என்பது மட்டும் பதிவானது. நசுங்கிய தூக்குச்சட்டியைப் பையிலிருந்து எடுத்து மதினி உயர்த்திக் காட்டினார். "இந்தச் சட்டி சாட்சி சொல்லுமா?" என்றார் அந்த வக்கீல்.

அடுத்து டிரைவர் வந்தான். வழக்கு ஜெயித்தால் இழப்பீடு ஜீப் முதலாளி தலையில் விழும். முதலாளி அவனிடம் பேசியிருந்தார். "அன்னைக்கு வண்டி கெளம்பவே இல்லங்கய்யா, செட்டுலதேன் நின்னுச்சு" என்றான். மதினி பக்கம் அவன் திரும்பவில்லை. கூட வந்த பெண்களில் ஒருத்திகூட சாட்சிக்கு வரவில்லை. வந்திருந்தால் மறுநாள் எந்த ஜீப்பும் அவர்களை ஏற்றியிருக்காது.

2005 சித்திரையில் மனு தள்ளுபடியானது. மேல்முறையீட்டுக்கு மதுரைக்குப் போகலாம் என்றார் வக்கீல். "ஒரு பொய்ய அழிக்க இன்னும் எத்தன ஊருக்குத் தம்பி போறது?" என்று என்னிடம் கேட்டுவிட்டு மதினி பஸ் ஏறினார்.

2009இல் ஒரு சாயங்காலம் அதே டிரைவர் ஓட்டிய ஜீப் இறக்கத்தில் கவிழ்ந்தது. புதிதாகக் கல்யாணமாகி எங்கள் தெருவுக்கு வந்த பெண்ணுக்குக் கால் எலும்பு முறிந்தது. செய்தி கேட்டதும் மதினி தோட்டத்திலிருந்து தோளில் சட்டியோடு அப்படியே ஆட்டோ ஏறிவிட்டார். நான் பின்னால் ஓடினேன். அதே ஆஸ்பத்திரி. டிரைவரின் தாயார், இப்போது தலை நரைத்தவர், அந்தப் பெண்ணின் காதருகே குனிந்திருந்தார். "வழுக்கி விழுந்தேன்னு சொல்லிரு ஆத்தா…"

மதினி சட்டியைக் கழற்றி டாக்டரின் மேசைமேல் ஓங்கி அடித்தார். வார்டே திரும்பிப் பார்த்தது.

"ஜீப்பு கவுந்துச்சு டாக்டரு. ஜீப்புன்னு எழுதுங்க."

"நீங்க யாரும்மா?"

மதினி கோணல் கையை அவர் முன்னால் நீட்டினார். "போன தடவ வழுக்கி விழுந்தவ."

டாக்டர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் அழுதுகொண்டே தலையசைத்தாள். அவர் எழுதினார்.

மறுநாளிலிருந்து எங்கள் தெருமுனையில் ஜீப் நிற்பதில்லை. பெண்கள் அடுத்த தெருவரை நடந்துபோய் ஏறுகிறார்கள். போகிற வழியில் மதினியைத் திட்டுகிறார்கள். அந்தப் பெண்ணின் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. திராட்சைப் பந்தலில் மதினி இன்றும் சட்டியைத் தட்டுகிறார். சட்டியில் இப்போது இரண்டு ஒடுக்கு. மேசைமேல் அடித்ததில் விழுந்தது சின்னது. அது எப்படி விழுந்தது என்று ஆஸ்பத்திரியே பார்த்தது. பெரிய ஒடுக்கு மட்டும், கோர்ட்டுக் கணக்கில், இன்னும் விழவே இல்லை.