பந்து வெட்டியவர் பெயரில் ஒரு கிண்ணம்

எங்கள் ஊர்க் கிரிக்கெட் கழகத்தில் லெக் பக்கம் அடிக்கத் தெரிந்த ஒருவன் இன்றுவரை உருவாகவில்லை. அதற்குக் காரணம் ஒரு மனிதர். வாவிக் கரையில் எங்கள் மைதானம். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் அவருடைய வீட்டு வளவு. தண்ணீரில் விழுந்த பந்து மிதக்கும், நீந்திப்போய் எடுக்கலாம். வளவுக்குள் விழுந்த பந்தை அவர் இளநீர் வெட்டும் கத்தியால் இரண்டாகப் பிளந்து வேலிக்கு மேலால் எறிவார்.

"இந்தாங்கடா, ஒண்டு தந்தீங்க, ரெண்டாத் தாறன். வட்டியோட வந்திரிக்கி" என்பார்.

பேச்சென்றால் எனக்குப் பைத்தியம். அந்த ஆளின் பேச்சைக்கூட நான் இரண்டு நாள் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஆனால் பந்து போனது போனதுதான். ஆகவே வளவுக்குள் அடித்தால் அவுட் என்று நாங்களே சட்டம் வைத்தோம். பழகும்போது ஒரே முனையிலிருந்துதான் பந்து வீசுவோம். மற்ற முனை எப்போதும் சேறு. அதனால் லெக் பக்கம் என்றால் எங்களுக்கு எப்போதும் அந்த வளவுதான். இப்படியே வளர்ந்த பொடியன்கள், காலைப் பார்த்துப் பந்து வந்தால் பாம்பு வந்ததுபோல ஒதுங்கிப் பழகிவிட்டார்கள்.

வெளியூர் போனால் மானம் போகும். காத்தான்குடி அணிக்கு எங்கள் வியாதி தெரியும். காலுக்கே குறிபார்த்துப் பந்து போடுவார்கள். அவர்களுடைய தலைவன் விக்கெட்டுக்குப் பின்னால் நின்று கேட்பான்: "என்ன மச்சான், ஒங்கட ஊர்ல ஒரு பக்கம்தான் இரிக்கா? மத்தப் பக்கத்த ஆத்துல விட்டுட்டீங்களா?"

ஒவ்வொரு மாரியும் வாவி ஏறி மைதானத்தை மூடிவிடும். தை மாதம் தண்ணீர் இறங்கியதும் புற்றுமண் வெட்டி வந்து பரப்பி, தண்ணீர் நிரப்பிய தார்ப்பீப்பாவை உருட்டி உருட்டி ஆடுகளத்தை மறுபடி உண்டாக்குவோம். அப்படி உருட்டிக்கொண்டிருந்த ஒரு தை மாதத்தில்தான் அவன் வந்தான். வாவியில் வீச்சு வலை எறிந்து மீன் பிடிக்கிறவன். தாய் காலையில் இடியப்பம் அவித்து விற்கிறவர். பந்தைக் கையில் எடுத்தான், மூன்று கம்பையும் பறக்கவிட்டான். வலை எறிந்து எறிந்து இறுகிய தோள்.

சந்தையில் மீன் வெட்டுகிற பெண் ஒருத்தி வேடிக்கை பார்க்க வந்து சொன்னாள்: "இவன் பந்தா போடுறான்? வல எறியிறான் கா. பாரன், மூண்டு கம்பும் உள்ளுக்க."

அதற்குப் பிறகு இரண்டு பருவம் எங்களுடைய காலம். நாங்கள் லெக் பக்கம் அடிக்காவிட்டால் என்ன, எதிராளியை அவன் எந்தப் பக்கமும் அடிக்க விடவில்லையே. ஆரையம்பதியில் வென்றோம். உன்னிச்சையில் அறுவடை முடிந்த வயல் வட்டைக்குள், ஒட்டு வைக்கோல் காலில் குத்தக் குத்த வென்றோம். காத்தான்குடியாரைக் காத்தான்குடியிலேயே வென்றோம். எல்லாப் போட்டியிலும் மைக் என் கையில். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட என்னை ஊர் 'அறிவிப்பாளர்' என்று அழைத்தது அந்தக் காலத்தில்தான்.

அடுத்த மாரியில் அவனுக்கு டெங்குக் காய்ச்சல். ஒரு கிழமைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் ஒரு விளையாட்டுக்காரன் இளம் வயதில் போனால் அவன் பெயரில் ஞாபகார்த்தக் கிண்ணம் வைப்பது வழக்கம். நாங்களும் வைத்தோம். மென்பந்து, ஆறு ஓவர், சுற்றியுள்ள ஊர்களின் அணிகள். காலையில் அவன் படத்துக்கு மாலை, ஒரு நிமிட மௌனம். பின்னேரம் வென்ற அணிக்குத் தாயின் கையால் கிண்ணம். வென்றவர்கள் ஒரு வருடம் வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும்.

முதல் வருடம் போட்டி முடிந்து நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அந்தத் தாய் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஊட்டுல அவன்ட பேர ஒருத்தரும் சொல்றல்ல மனே. அவன்ட அப்பா சொன்னா அழுதிருவார். நானும் சொல்றல்ல. இண்டைக்கு நீ விடிஞ்சதில இருந்து ஸ்பீக்கர்ல அவன்ட பேரச் சொன்னாய். அடுப்படியில இருந்து கேட்டன். வருசத்தில ஒரு நாள் இப்படிக் கேட்டாப் போதும் எனக்கு."

அதற்குப் பிறகு நான் தேவைக்கு அதிகமாகவே அந்தப் பெயரைச் சொன்னேன். ஓவருக்கு ஒருதரம் சொன்னேன்.

சில வருடங்கள் நன்றாகத்தான் போயிற்று. பிறகு பந்து வெட்டுகிறவரின் மகன் சுவிஸிலிருந்து காசு அனுப்பிக் கழகத்தைத் தத்தெடுத்தான். கலர் ஜேர்சி வந்தது. கொங்கிரீட் ஆடுகளம் வந்தது. வேலி இருந்த இடத்தில் மதில் வந்தது. வெல்ல வேண்டும் என்ற வெறியில் வெளியூர் ஆட்டக்காரர்களைக் கூலிக்கு இறக்கினார்கள். தார்ப்பீப்பா உருட்டிய எங்கள் பொடியன்கள் எல்லைக்கு வெளியே நின்று அவர்களுக்குத் தண்ணீர் போத்தல் நீட்டினார்கள். அப்போதே எனக்கு வாய் கசந்தது.

கசப்பு அதோடு நிற்கவில்லை. பந்து வெட்டுகிறவர் காலமானார். அந்தக் கோடையில் கழகச் செயலாளர் என்னிடம் ஒரு கடதாசியை நீட்டினான்.

"அண்ணே, இந்த முற இதத்தான் வாசிக்கணும்."

வாசித்தேன். விளையாட்டுத்துறையின் வளர்ச்சிக்காகத் தன்னை அர்ப்பணித்த பெருந்தகையின் ஞாபகார்த்தக் கிண்ணம் என்றிருந்தது. கீழே பந்து வெட்டியவரின் பெயர்.

"தம்பி, இந்தப் பெருந்தகை எத்தின பந்து வெட்டினார் எண்டு தெரியுமா உனக்கு?"

"செத்த மனிசனப் பத்தி அப்படிக் கதைக்கப்படாது அண்ணே."

"செத்தது ரெண்டு பேர் தம்பி. மத்தவன்ட பேர எங்க போடப்போறீங்க?"

"அவன்ட பேர்ல இவ்வளவு காலம் நடத்தியாச்சே. இப்பத்தப் பொடியன்களுக்கு அவன ஆரெண்டு தெரியுமா?"

அழுகிய மீன் பெட்டியைத் திறந்தால் ஒரு மணம் முகத்தில் அடிக்குமே, அப்படி இருந்தது. அவன் கேட்ட விதத்தில் ஒரு கூச்சம்கூட இல்லை. "இத வாசிக்கிற வாய் என்னட்ட இல்ல, வேற வாய் பாருங்க" என்று கடதாசியைத் திருப்பிக் கொடுத்தேன்.

அதைவிடக் கஷ்டம், அந்தத் தாயிடம் சொல்வது. அடுத்த நாள் போய் முற்றத்தில் உட்கார்ந்தேன். அவர் தேநீர் தந்தார். நான் மழையைப் பற்றிப் பேசினேன், அரிசி மா விலையைப் பற்றிப் பேசினேன். வாய் வித்தைக்காரனான எனக்கு அந்த ஒரு செய்தி வாய்க்குள் வரவில்லை.

அந்த நேரம் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. காத்தான்குடி அணித்தலைவன். கையில் பிடவைக் கடைப் பை. போன வருடம் கிண்ணத்தை வென்றவர்கள் அவர்கள்தான்.

"அம்மா, கப்பக் கொண்டு வந்தன். ஒங்கட கழகத்தாக்கள் போன் எடுத்து, பேர்த் தகட்ட மாத்தணும், கொண்டாங்க எண்டாங்க. நான் ஏலா எண்டுட்டன். ஒங்கட கையால வாங்கினது, ஒங்கட கையிலதான் தருவன்."

"தகட்ட மாத்தவா? எதுக்கு?"

அவன் என்னைப் பார்த்தான். நான் சொன்னேன். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்.

அவர் பையிலிருந்து கிண்ணத்தை எடுத்து, மகனின் பெயர் இருந்த இடத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். பிறகு அவனிடமே நீட்டினார்.

"இஞ்ச வெச்சு நான் இதில என்னத்த ஊத்திக் குடிக்கிற? நீங்களே வெச்சு விளையாடுங்க மகன். பேர மட்டும் சத்தமாச் சொல்லுங்க."

எங்கள் கழகம் புதுக் கிண்ணம் வாங்கிப் போட்டியை நடத்தியது. நான் ரோட்டில் நின்று பார்த்தேன். மேடையில் பந்து வெட்டியவரின் படம், ஆளுயர மாலை. சுவிஸ் மகன் கண்ணைத் துடைத்தான், அது அவன் அப்பா, அதில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் பொடியன்கள்! எந்த மனிதருக்குப் பயந்து ஒரு பக்கம் அடிக்கவே பழகாமல் போனார்களோ, அவருக்காகத் தலை குனிந்து ஒரு நிமிடம் நின்றார்கள். செயலாளர் ஏதோ விசும்பல்கூட விட்டான். நான் காறித் துப்பிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

கிண்ணத்தைக் கூலி ஆட்டக்காரர்களே வென்று தந்தார்கள், அன்றைக்கே கிளம்பிப் போனார்கள். அடுத்த வருடம் சுவிஸிலிருந்து ஒன்றும் வரவில்லை. கொங்கிரீட் ஆடுகளத்தை மாரி வெள்ளம் அடியில் அரித்து வெடிக்க வைத்தது. புற்றுமண் வெட்டப் போகலாம் என்றால் வர ஆளில்லை. தார்ப்பீப்பாவை யாரோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள்.

இந்தக் கோடையில் காத்தான்குடியில் எங்கள் வலைக்காரனின் ஞாபகார்த்தப் போட்டி நடந்தது. தாயை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அவர்களுடைய அறிவிப்பாளன் இளம் பொடியன், என்னைவிடக் குரல் வளம். விடிந்ததிலிருந்து பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தான். தாய் பந்தல் நிழலில் உட்கார்ந்து ஒவ்வொரு தடவையும் மெல்லத் தலையை ஆட்டினார். எங்கள் ஊரிலிருந்தும் ஓரணி வந்தது. எல்லோரும் காலுக்கு வந்த பந்தில் அவுட்.

கிண்ணம் கொடுக்கும் நேரம் பார்த்து எங்கள் செயலாளர் எங்கிருந்தோ முளைத்தான். தாயின் தோளோடு தோள் ஒட்டி நின்று கைபேசியில் படமெடுத்தான். 'எங்கள் மண்ணின் மைந்தன்' என்று அங்கேயே நின்று முகநூலில் எழுதினான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"மாமி, வாற வருசம் நம்மட ஊரிலயே வைப்பம். ரெண்டு பேர்ட பேரையும் ஒரே கப்பில சேர்த்துப் போடுவம். என்ன அண்ணே, நல்ல யோசின தானே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தத் தாய் சொன்னார்.

"வேணாம் மனே. பக்கத்தில போட்டா அந்த மனிசன் வெட்டிப்போடுவார்."